கேள்வி பதில்: பழைய காருக்கு டிஸ்க் பிரேக் மாட்டலாமா?

கேள்வி: தாத்தா விட்டுப்போன 1959 மாரிஸ் மைனர் எங்களிடம் இருக்கிறது. என்ஜின் அருமையாக ஓடுகிறது. பிரேக்தான் பயமாக இருக்கிறது. மிதித்தால் வண்டி வலது பக்கம் இழுக்கிறது, டர்பனை ஒட்டிய ஃபீல்ட்ஸ் ஹில் மலைச்சாலையில் பைன்டவுன் பக்கம் இறங்கும்போது பெடல் கீழே கீழே போகிறது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் மாட்டிவிட்டால் சரியாகிவிடுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: மாட்டலாம் தம்பி, ஆனால் உடனே வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. வலது பக்கம் இழுப்பதற்கு டிரம்மை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் கிண்ணத்தை, குறை சொல்ல முடியாது, இடது சக்கரம் தன் பங்குக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கம் வீல் சிலிண்டரில் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், சிலிண்டர் கசிந்து ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் கட்டை) நனைந்திருக்கலாம், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கலாம். நம் டர்பன் காற்றில் எப்போதும் ஈரம், பிரேக் ஆயிலோ ஈரத்தை உறிஞ்சும் சரக்கு, வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் சிலிண்டர் உள்ளிருந்தே அரிக்க ஆரம்பித்துவிடும்.

இறக்கத்தில் பெடல் கீழே போவது வேறு கதை. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, அதனால் பெடல் கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கிறது, ஷூவின் லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. இதோடு பழைய ஆயிலும் சேர்ந்தால் ஆபத்து. டாட் 4 என்ற தரத்துப் புது பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்து கொதிக்கக்கூடாது என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிதான் இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வேலைக்காகாது. 2013 செப்டம்பரில் அதே ஃபீல்ட்ஸ் ஹில்லின் அடியில் ஒரு லாரி நிற்காமல் வந்து டாக்சிகள் மேல் மோதி 24 பேர் இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், என்ஜினே பாதி வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

டிஸ்க் இந்தச் சூட்டுப் பிரச்சினைக்கு நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. தகடு வெளிக்காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும், சூட்டில் விரிந்தாலும் அதை இருபுறமும் அழுத்தும் பேடை விட்டு விலகாது, மழையில் நனைந்தாலும் ஓரிரு சுற்றில் துடைத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் மைனரின் முன் டிரம்மில் இரண்டு ஷூவுமே சக்கரம் சுற்றும் திசையில் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு கடிக்கும்படி அமைத்திருக்கிறார்கள், டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. ஆகவே கால் கூடுதலாக அழுத்த வேண்டும், அல்லது கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் செர்வோ வைக்க வேண்டும். தகட்டையும், பேடை அழுத்தும் காலிப்பரையும் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும் ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஏன் என்றால் பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் டிரைவர் காலடியில், தரைக்கு அடியில், சேசிஸ் சட்டத்துக்குள் இருக்கிறது. டிரம்முக்காக அதில் ஒரு சின்ன வால்வு உண்டு, குழாயில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிஸ்க்குக்கு அந்த அழுத்தம் அதிகம், பேட் தகட்டை உரசிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றி எறிந்தாலும் சிக்கல், காலிப்பர் மேலேயும் சிலிண்டர் கீழேயும் இருப்பதால் ஆயில் திரும்பி வடிந்துவிடும். ஆகவே முன்பக்கக் குழாயில் 2 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) மட்டுமே பிடித்து வைக்கும் வால்வு ஒன்று போட வேண்டும், பின் டிரம்முக்குப் பழைய அழுத்தமே இருக்கட்டும். அப்புறம் பின்சக்கரம். டிஸ்க்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுத்தால் அதே அழுத்தம் பின்னாலும் போய் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், ஈரச் சாலையில் வண்டி சுழன்றுவிடும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைத்துத்தான் சமன் செய்ய முடியும். இவ்வளவு செய்தும் பிரேக் ஒரே குழாய் வரிசைதான், எங்காவது ஓர் இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. செலவு செய்வதென்றால் குழாயை இரண்டு தனி வரிசையாகப் பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு முதலில் செய்யுங்கள் என்பேன்.

என் யோசனை இது. ஆறு வீல் சிலிண்டர், மூன்று ஹோஸ், புது ஷூ, புது ஆயில், இவற்றை முதலில் மாற்றுங்கள். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இரண்டு உண்டு, ஒன்றை மட்டும் திருகிவிட்டு விடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், கூடவே நின்று பாருங்கள். உங்கள் 948 சிசி வண்டியில் 7 அங்குல டிரம். 1962-க்குப் பின் வந்த 1098 சிசி வண்டியில் முன்பக்கம் 8 அங்குலம், பழைய உதிரிபாகம் கிடைத்தால் அதை மாட்டலாம். புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலுக்கும் ஞாயிறு உறவுக்காரர் வீட்டுக்கும் போய்வர அது தாராளம். பெரிய என்ஜின் போட்டவர்களும், குடும்பத்தோடு அடிக்கடி பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏறி இறங்குபவர்களும் டிஸ்க்குக்குப் போகட்டும். மாற்றினால் இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டிஸ்க் மாட்டியாயிற்று. கொஞ்ச தூரம் ஓடினால் முன்சக்கரம் இரண்டும் கொதிக்கிறது, வண்டியைத் தள்ளினால் நகர மறுக்கிறது.
– வாசகர், வெருலம்

பதில்: மேலே சொன்ன டிரம் வால்வை எடுக்காமல் விட்டிருப்பார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். பிடித்திருக்கும்போதே ஜாக்கி வைத்து, மாஸ்டர் சிலிண்டரில் குழாய் இணைப்பைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு சிலிண்டரில், அல்லது பெடல் தண்டுக்கு இடைவெளி இல்லை. விடுபடவில்லையா, காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறங்கள். அப்போது விட்டால் ஹோஸ் அடைப்பு, அப்போதும் விடாவிட்டால் காலிப்பர் பிஸ்டன் இறுகியிருக்கிறது. சூடான ஆயில் பீய்ச்சும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிலிகான் பிரேக் ஆயில் பெயிண்டைக் கெடுக்காதாமே, ஊற்றலாமா?
– வாசகர், டோங்காட்

பதில்: கெடுக்காது, ஈரமும் உறிஞ்சாது. ஆனால் டாட் 5 எனப்படும் அந்தச் சிலிகானைப் பழைய ஆயிலோடு கலக்கவே கூடாது, ரப்பர் எல்லாம் மாற்றிக் குழாயைச் சுத்தமாகக் கழுவிய பிறகுதான். காற்றுக் குமிழி எளிதில் தங்கிப் பெடல் பஞ்சு போல ஆகவும் வாய்ப்புண்டு. டாட் 5.1 என்று எழுதியிருப்பது சிலிகான் அல்ல, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் டாட் 4 ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவேன்.

கேள்வி: மகன் கராஜில் டிரம்மைக் கழற்றி கம்ப்ரசர் காற்றால் தூசி ஊதுகிறான். கறுப்புப் புகை போலப் பறக்கிறது. ஆபத்தா?
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆபத்துதான் அம்மா, உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருப்பார்கள். நம் தென்னாப்பிரிக்காவில் 2008-இல்தான் அதைத் தடை செய்தார்கள், அதற்கு முன் மாட்டிய ஷூ இன்னும் எத்தனையோ வண்டிகளில் இருக்கிறது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, நோய் பல வருடம் கழித்துத்தான் தெரியும். காற்றும் வேண்டாம், உலர்ந்த பிரஷ்ஷும் வேண்டாம். நல்ல முகமூடி போட்டு, பிரேக் கிளீனர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள். வேலை பார்த்த உடுப்பைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.