சான்றிதழில் தருமபுரி, ஆதாரில் கிருஷ்ணகிரி: எது சரி?

ஊத்தங்கரையில் பிறந்த உங்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் தருமபுரி மாவட்டம், ஆதாரில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருக்கிறது. எது தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரிதான். 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. சான்றிதழ் அது எழுதப்பட்ட காலத்து நிலவரத்தைச் சொல்கிறது, அவ்வளவே. தாத்தா காலத்துப் பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், சேலம் ஜில்லா என்று இருக்கக்கூடும்.

விவரமே தெரியாதபோது வருவது குழப்பமன்று. யாரையாவது கேட்டால் தீர்ந்துவிடும். இரண்டு விவரங்கள் கையில் இருந்து, அவை ஒன்றோடொன்று முட்டும்போதுதான் தலை சுற்றுகிறது. மாறிப்போன நிலவரமும் மாறாத காகிதமும் சேர்ந்தால் இப்படித்தான்.

ஒரே பெயரைப் பல எல்லைகளுக்குச் சூட்டுவது இன்னொரு காரணம். தருமபுரி என்பது நகரம், வட்டம், மாவட்டம், மக்களவைத் தொகுதி நான்குக்கும் பெயர். சேலம் மாவட்டத்து மேட்டூர்க்காரர் தருமபுரித் தொகுதியில் வாக்களிக்கிறார்! இதை வெளியூர்க்காரருக்கு விளக்கிப் பாருங்கள், பொழுது போய்விடும்.

விண்ணப்பத்தில் இன்றைய மாவட்டத்தைக் கேட்கிறார்களா, பிறந்தபோது இருந்த மாவட்டத்தையா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.