கைக்கு வந்தது 2,75,000, நிக்கிற கடன் 5,40,000

அக்கா வணக்கம்ங்க. திருப்பூர்ல இருந்து எழுதறேன், பேர் போட வேண்டாம். நான் பனியன் கம்பெனில செக்கிங், வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். போன வருஷம் மாமனாருக்கு திடீர்னு நெஞ்சுவலி வந்து கோயமுத்தூர்ல தனியார் ஆஸ்பத்திரில பைபாஸ் பண்ணினோம். மாமனார், மாமியார் ஊர்ல தனியா இருக்காங்க, தனி ரேஷன் கார்டு. அந்தச் செலவுக்கு வாங்குன கடன் அப்படியே நிக்குதுங்க. தெரிஞ்சவர்கிட்ட 3 வட்டிக்கு 1,20,000. வீட்டுக்காரர் கிரெடிட் கார்டுல 70,000, மாசம் மினிமம் மட்டும் 3,500 கட்டறோம். என் நகை 6 பவுன் ஒரு தனியார் நகைக்கடன் கம்பெனில 2,00,000-க்கு இருக்கு, அதுக்கு மாசம் 3,000 வட்டி. எங்க அண்ணன்கிட்ட கைமாத்தா 1,50,000, வட்டி இல்லை.

போன மாசம் அம்மா வழி தாத்தாவோட காட்டை மாமன்மாருங்க வித்தாங்க. எங்கம்மா இல்லாததால அண்ணனையும் என்னையும் கையெழுத்துக்கு கூப்பிட்டாங்க, போனோம், ஆளுக்கு 2,75,000 குடுத்தாங்க. கனவுல கூட நினைக்கலைங்க்கா. இப்ப வீட்டுக்காரர் சொல்றார், நாலு பேருக்கும் ஆளுக்கு 50,000 குடுத்து வாயை அடைச்சிட்டு மீதி 75,000-ல பொண்ணுக்கு சீர் பண்ணிடலாம்னு. மொய் வரும்ல, திரும்பிடும்னு மாமியார் சொல்றாங்க. நேர்ந்துக்கிட்ட கிடா வெட்டும் பாக்கி இருக்கு. கம்பெனில முன்ன ஒன்றரை ஷிப்ட் ஓடும், 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரி ஏத்துனதுல இருந்து ஒரு ஷிப்டே சில வாரம் நிச்சயமில்லை. அண்ணன் ஒண்ணும் கேக்கல, ஆனா அண்ணி பேச்சுல ஒரு மாதிரி தெரியுது. என்ன பண்றதுன்னு சொல்லுங்க.

*

வணக்கம்மா. கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். நீங்க கணக்கை இவ்வளவு தெளிவா எழுதியிருக்கறதே எனக்கு பெரிய நிம்மதி, ஏன்னா இப்படி எழுதறவங்க பாதி பேர் எவ்வளவு கடன்னே சொல்ல மாட்டாங்க, கஷ்டமா இருக்குக்கானு மட்டும் எழுதுவாங்க.

முதல்ல ஒண்ணு கேக்கறேன், இந்தப் பணம் இப்ப யார் அக்கவுண்ட்ல இருக்கு? உங்க அக்கவுண்ட்ல இல்லைன்னா இன்னைக்கே மாத்துங்க. வீட்டுக்காரர் மேல சந்தேகப்பட்டு சொல்லல. தாத்தா சொத்துல உங்கம்மாவுக்கு உள்ள பங்கு, அம்மா இல்லைன்னா பிள்ளைங்களுக்கு, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்லுது, மாமன்மாரு தானமா குடுத்தது கிடையாது. அது உங்க பேர்ல இருந்தா, ‘வந்துச்சாமே’ன்னு யாராவது கேட்டு வர்றப்ப ஒரு நாள் யோசிச்சு சொல்றேன்னு சொல்லவாவது முடியும், வீட்டு பீரோல இருந்தா அந்த ஒரு நாள் கிடைக்காது. (இன்னொண்ணு, கையெழுத்து போட்ட பத்திரத்துல உங்க பங்குன்னு என்ன தொகை எழுதியிருக்குன்னு பாத்தீங்களா? நகல் வாங்கி வைங்க. இப்ப அதைக் கிளறச் சொல்லல, வாங்கி மட்டும் வைங்க.)

சரி, வீட்டுக்காரர் கணக்குக்கு வருவோம். ஆளுக்கு 50,000 குடுத்தா நாலு பேரும் ஒரு மாசம் சிரிச்ச முகமா இருப்பாங்க, அப்புறம் நாலு கடனும் நாலாவே இருக்கும். 3 வட்டிக்காரருக்கு 70,000 பாக்கி, கார்டுல 20,000, நகை அங்கயேதான், அண்ணனுக்கு ஒரு லட்சம். பணம் மட்டும் தீந்துடும். கடனை அடைக்கறப்ப யாரு முகத்துல முழிக்க கூச்சமா இருக்குன்னு பாத்து பிரிச்சுக் குடுக்கக் கூடாது, எது குட்டி போடுதுன்னு பாத்து அதை மொத்தமா முடிக்கணும்.

உங்க நாலுல அதிகமா குட்டி போடறது எதுன்னு நினைக்கறீங்க? பாத்தா 3 வட்டிதான் கொடுமைன்னு தோணும், 100-க்கு மாசம் 3 ரூபாய்னா வருஷத்துக்கு 36. ஆனா கார்டு அதைவிட மேல. கார்டுக்கு கார்டு கொஞ்சம் மாறும், பொதுவா மாசம் மூன்றரை சதவீதம் பக்கம் போடறான். 70,000-க்கு 2,450, அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 441, ஆக 2,891. நீங்க கட்டற 3,500-ல கடன் குறையறது 609 ரூபாய். ஸ்டேட்மென்ட்டை எடுத்து பாருங்க, இன்ட்ரஸ்ட்னு ஒரு வரி, கீழயே ஜிஎஸ்டினு ஒரு வரி, சின்ன எழுத்துல இருக்கும். நடுவுல ஏதாவது தேய்ச்சிருந்தா அந்த 609-ம் இல்ல.

அந்த 3 வட்டிக்காரர் பத்தி நீங்க ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க, தெரிஞ்சவர்னு. இப்படிப்பட்டவரை எனக்கு நல்லாத் தெரியும், அவர் சத்தமே போட மாட்டார், ஆஸ்பத்திரில ராத்திரி 11 மணிக்கு பணத்தோட வந்து நின்னிருப்பார், வட்டி வாங்க வந்தா டீ குடிச்சிட்டு மாமனார் எப்படி இருக்கார்னு கேட்டுட்டு போவார். அதனாலயே நல்ல மனுசன், மெதுவா பாத்துக்கலாம்னு வீட்ல எல்லாருக்கும் தோணும். மாசம் 3,600, பத்து மாசம்னு வச்சாக்கூட 36,000 குடுத்தாச்சு, இன்னைக்கும் நிக்கறது அதே 1,20,000. ஆபத்துக்கு உதவினதுக்கு நன்றி சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க, ஆனா அசலைக் குடுத்து முடிச்சிட்டு சொல்லுங்க.

ஆக கார்டு 70,000, வட்டிக்காரர் 1,20,000, ரெண்டும் ஒரே வாரத்துல முடியணும். 1,90,000 போச்சு. மீதி 85,000.

ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, இது மொத்தப் பணமும் கையில இருக்கறப்ப மட்டும்தான் முடியும். உங்க நகைக்கு 2,00,000-க்கு மாசம் 3,000-னா வருஷத்துக்கு 18 சதவீதம். அதே நகையை அரசு வங்கிலயோ கூட்டுறவு வங்கிலயோ வச்சா 9, 10 சதவீதத்துக்குள்ள முடியும், மாசம் 1,600 பக்கம் வரும். இது எல்லாருக்கும் தெரியும், ஆனா மாத்தறதுக்கு முதல்ல அங்க 2,00,000 கட்டி நகையை எடுக்கணுமே, அந்தக் காசு இல்லாமதான் ஜனங்க 18-லயே கிடக்கறாங்க. உங்ககிட்ட இப்ப இருக்கு. முதல்ல வங்கிக்குப் போய் எந்த நேரம் நகை மதிப்பீட்டாளர் இருப்பார், என்னென்ன கேப்பாங்க, கிராமுக்கு எவ்வளவு குடுப்பாங்க, வட்டி எவ்வளவுனு விசாரிச்சுட்டு வாங்க. ஆதார், பான், போட்டோ எடுத்து வைங்க. அடுத்த நாள் காலைல நகைக்கடன் கம்பெனி திறந்ததும் பணத்தைக் கட்டி நகையை எடை போட்டு சரிபார்த்து வாங்கி, ரெண்டு பேருமா நேரா வங்கிக்குப் போயி அதே 2,00,000-க்கு வச்சிடுங்க. சாயங்காலத்துக்குள்ள பணம் திரும்ப உங்க அக்கவுண்ட்ல இருக்கும், அப்புறம்தான் கார்டும் வட்டியும்.

இதுல ரெண்டு வழுக்கல் இருக்கு. ஒண்ணு, தங்கம் ஏறிக் கிடக்கு, 2025 ஏப்ரல்லயே பவுன் 70,000-ஐத் தாண்டிடுச்சு, அதனால வங்கில உக்காந்திருக்கறவர், மேடம் இந்த 6 பவுனுக்கு இன்னும் அதிகமாவே குடுக்கலாமேம்பார். கம்பெனிக்காரங்களும் நகையை எடுக்கப் போறப்ப எடுக்காதீங்க, மேல டாப்-அப் தர்றோம்னு உக்கார வச்சு பேசுவாங்க. வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க. ரெண்டாவது வழுக்கல் நீங்கதான். அத்தனை மாசம் கழிச்சு கழுத்துச் செயினைக் கையில எடுக்கறப்ப திரும்ப வைக்க மனசு வராது, ஒரு கல்யாணத்துக்கு போட்டுட்டு அடுத்த வாரம் வைக்கலாம்னு தோணும், அது அடுத்த வாரம் நடக்காது, அதுக்குள்ள வட்டிக்காரருக்குப் போக வேண்டிய பணம் பொட்டு பொட்டா கரைஞ்சிடும். அதனாலதான் எடுக்கற அன்னைக்கே வைக்கச் சொல்றேன்.

வங்கி நகைக்கடன்ல வட்டியை மாசாமாசம் கட்டலைன்னாலும் வருஷக் கடைசில மொத்தமா கட்டற முறை உண்டு, நீங்க அதை எடுத்துக்காதீங்க, மாசம் கட்டிடுங்க, முடிஞ்சப்ப அசல்லயும் ஆயிரம் ரெண்டாயிரம். ரசீதுல கெடு தேதி இருக்கும், போன்ல அலாரம் வைங்க, அது தவறினாத்தான் ஏல நோட்டீஸ்.

இப்ப மீதி 85,000. இதுல 40,000-ஐ கடன்காரங்க யாருக்கும் குடுக்கக் கூடாது. வட்டி ஓடறப்ப காசை எதுக்கு சும்மா வைக்கணும்னு கேப்பார் வீட்டுக்காரர், கணக்குப்படி அவர் கேக்கறது சரிதான். ஆனா பைபாஸ் பண்ணின மனுசருக்கு செக்கப் இருக்கு, எக்கோ எடுக்கச் சொல்வாங்க, ராத்திரி ஒரு மணிக்கு மூச்சு வாங்குதுன்னு ஊர்ல இருந்து போன் வரும், அப்ப கையில 10,000 கூட இல்லைன்னா யார்கிட்ட போவீங்க? அதே டீ குடிக்கற நல்ல மனுசர்கிட்டதான். ஷிப்ட் வேற நிச்சயமில்லைங்கறீங்க. 40,000 உங்க பேர்ல தனி அக்கவுண்ட்ல, ஏடிஎம் கார்டை வீட்ல வச்சிட்டு.

அந்த 40,000 சீக்கிரம் கரையாம இருக்க ரெண்டு வேலை. மாமனார் மாமியாருக்கு தனி ரேஷன் கார்டுன்னு எழுதியிருக்கீங்க, அப்ப முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருந்தா கிடைக்கும், விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி ரேஷன் கார்டு ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு மையத்துக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு போகணும், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், பட்டியல்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரிலயும் செல்லும். கட்டின பில்லு இனி திரும்பாது, அதை நினைச்சு ராத்திரி முழிக்காதீங்க, அடுத்ததுக்கு இருக்கட்டும். அப்புறம் மாத்திரை. ரத்தம் உறையாம இருக்க, கொழுப்புக்கு, பிரஷருக்குனு வாழ்நாள் முழுக்க போகும். டாக்டர்கிட்ட கம்பெனி பேரு இல்லாம மருந்து பேரை எழுதச் சொல்லி கேளுங்க, மக்கள் மருந்தகத்துலயும் 2025-ல தொறந்த முதல்வர் மருந்தகத்துலயும் விலை நல்லா குறையும், பிரஷர் சுகர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசம். டாக்டரைக் கேக்காம நீங்களா மாத்திரையை மாத்த வேண்டாம், இதய மாத்திரை.

இனி 45,000, அண்ணன். கணக்கு மட்டும் பாத்தா வட்டியில்லாக் கடன் கடைசிதான். ஆனா உங்க வீட்டு விஷயத்துல ஒரு சிக்கல், அதே நாள் அதே தொகை அண்ணனுக்கும் வந்திருக்கு, உங்க கையில எவ்வளவு இருக்குன்னு அவங்களுக்கு ரூபாய் சுத்தமாத் தெரியும். அண்ணியைக் குத்தம் சொல்ல முடியாதும்மா, நானா இருந்தா எனக்கும் முகம் மாறும், அவங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கும்ல. அவங்க காதுக்கு வேற யார் மூலமாவது ‘கார்டுக்கு கட்டிட்டாங்களாம்’னு போறதுக்கு முன்னாடி நீங்களே நேர்ல போங்க, போன்ல வேண்டாம், வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் சுத்தமா வேண்டாம், அண்ணி இருக்கறப்ப போங்க. 25,000-ஐக் கையில குடுத்து, வட்டிக்கு வாங்குனதை முதல்ல முடிக்கறேன், மீதி 1,25,000-ஐ மாசம் 5,000-னு 25 மாசத்துல குடுத்துடறேன்னு அண்ணிகிட்டயே சொல்லுங்க. எங்க இருந்து 5,000-னு கேட்டா கணக்கு இருக்கு. இப்ப 3,600, 3,500, 3,000, மாசம் 10,100 போகுது. இனி வங்கி வட்டி 1,600 மட்டும். 8,500 மிச்சம், ஷிப்ட் குறைஞ்ச மாசத்துல கூட 5,000 குடுக்கலாம். ஒரு மாசம் முடியலைன்னா முதல் தேதியே சொல்லிடுங்க.

20,000 மிச்சம் இருக்கு. சீருக்குதான் கேப்பாங்க. மொய் திரும்பும்கறது உண்மைதான், ஆனா அந்த மொய் நோட்டுல எழுதற ஒவ்வொரு பேருக்கும் நீங்க திரும்ப செய்யணும், ஏற்கனவே நாலு பேருக்கு பதில் சொல்லிட்டு இருக்கறப்ப 200 பேருக்கு கணக்கு எழுதி வாங்கறதா? மண்டபம், சாப்பாடு, போட்டோக்காரர்னு 75,000-ல நிக்கவும் நிக்காது. தாய்மாமன் சீர் கொண்டு வரணும்ல, அது உங்க அண்ணன், அவருக்கே கடன் வச்சிருக்கறப்ப எந்த முகத்தோட தட்டு வாங்கறது. வீட்டோட, நெருங்குன சொந்தத்தோட, 10,000-க்குள்ள செய்ங்க, பொண்ணுக்கு நல்ல துணி எடுங்க. கிடா வெட்டை சாமி ஒரு வருஷம் பொறுத்துக்கும், மாமியார் பொறுப்பாங்களாங்கறது வேற விஷயம், அதை உங்க வீட்டுக்காரர் பேசட்டும், அவங்கம்மா தானே. மீதி 10,000-ல உங்களுக்கு என்ன வேணும்னு நீங்க எழுதவே இல்ல. உங்க தாத்தா காட்டுக் காசு, அதுல கொஞ்சம் உங்களுக்கு எடுத்துக்கோங்க, காரணம் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

கடைசியா, வட்டிக்காரர்கிட்ட பணம் குடுக்கற நாள். புரோ நோட்டுல கையெழுத்து வாங்கியிருப்பார், ஒருவேளை தொகை எழுதாம வெத்தா வாங்கியிருப்பார், கூடவே ஒண்ணு ரெண்டு செக்கும். பணத்தை அக்கவுண்ட்ல அனுப்புங்க, ரொக்கம்தான் வேணும்னு சொன்னார்னா தெரிஞ்ச ரெண்டு பேரை வச்சுக்கிட்டு குடுங்க, அசல் வட்டி எல்லாம் முடிஞ்சதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்குங்க. நோட்டும் செக்கும் வீட்ல இல்லை, நாளைக்கு தர்றேன்னு சொன்னா நாங்க நாளைக்கே பணத்தோட வர்றோம்னு சிரிச்சுக்கிட்டே எழுந்து வந்துடுங்க. அதுக்கு மேல மிரட்டல், இழுத்தடிப்புன்னு போனா 2003-லயே தமிழ்நாட்டுல கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு, போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம். அவ்வளவு தூரம் போகாதுன்னுதான் நினைக்கறேன், தெரிஞ்சவர்ங்கறீங்களே.