டாஸ் அன்னா

வணக்கம் சார்,

வேலைக்காக ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்துச் சார்ப்ரூக்கன் நகருக்கு வந்து ஜெர்மன் படிக்கிறேன். பெயருக்கு முன்னால் ஆணுக்கு 'டெர்', பெண்ணுக்கு 'டி' என்றுதான் வகுப்பில் சொல்லித்தந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியோ சொந்தப் பேத்தியையே 'டாஸ் அன்னா' என்று நடுப்பாலில், அதாவது ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பாலில், சொல்கிறார். பெண்ணை மட்டம் தட்டும் பேச்சா இது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டி மட்டம் தட்டவில்லை. 'டி அன்னா' என்று சொல்லியிருந்தால்தான் பேத்தியோடு ஏதோ மனஸ்தாபமோ என்று நினைக்க வேண்டியிருக்கும். சார்லாந்து, மோசல் ஆற்றங்கரை, கொலோன் பக்கம், லக்சம்பர்க், சுவிட்சர்லாந்தில் சில பகுதிகள் என்று பல இடங்களில், பழகிய பெண்ணின் பெயர் வட்டார வழக்கில் நடுப்பாலில் வரும்.

மைன்ஸ் பல்கலைக்கழக மொழியியலாளர் டமாரிஸ் நூப்லிங், லக்சம்பர்க், ஃப்ரிபோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2015 முதல் இதை ஆராய்ந்தார். ஆய்வின் தலைப்பே 'டாஸ் அன்னா உண்ட் ஈர் ஹுண்ட்'. அதாவது, அன்னாவும் அவள் நாயும். 'டாஸ்' நடுப்பால், நாய்க்கு முன்னால் வரும் 'ஈர்' பெண்பால். இலக்கணப்படி அங்கே நடுப்பாலுக்குரிய 'ஸைன்' வந்திருக்க வேண்டும். நாலு சொல்லுக்குள் பால் மாறிவிடுகிறது பாருங்கள். லக்சம்பர்கில் முதற்பெயரால் சொல்லப்படும் பெண்ணுக்கு 'அவள்' என்பதற்குப் பதில் 'ஹாட்' என்ற நடுப்பால் சொல். 'மடாம்' போட்டுக் குடும்பப் பெயரைச் சொன்னால் 'ஸி' என்று பெண்பாலுக்குப் போய்விடும்.

அப்போ பாலை முடிவு செய்வது யார்? உறவுதான். மகள், தங்கை, ஊர்த்தோழி, அந்தக் காலத்தில் வீட்டு வேலை செய்த பெண், எல்லோரும் 'டாஸ்'. டீச்சரம்மா, டாக்டர் வீட்டம்மா, வெளியூர்க்காரி என்றால் 'டி'. நம் வீடுகளில் 'அக்கா வந்துச்சு' என்பதில் இருக்கும் நெருக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

ஆனாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. மகளும் வேலைக்கு வந்த பெண்ணும் ஒரு பக்கம், டாக்டரின் மனைவி மறுபக்கம். நெருக்கத்தோடு அந்தஸ்தும் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகனானாலும் பண்ணையாளானாலும் ஆண் எப்போதும் 'டெர் பேட்டர்' (பீட்டர்) போல 'டெர்'தான்; பெயரோடு செல்ல விகுதி சேர்ந்தால்தான் 'டாஸ்'. வெறும் பாசம்தான் காரணமென்றால் மகனுக்கும் அது கிடைத்திருக்க வேண்டாமா? பாட்டியின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கைக்கு வந்து சேர்ந்த வழக்கத்துக்குப் பின்னால் அன்பு மட்டும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

ஆபீசில் நீங்கள் யாரையும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அந்த வழக்கு தெரியாதவர்கள் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பாட்டி தன் மருமகளை எப்படிச் சொல்கிறார் என்று கவனித்து எழுதுங்களேன். வெளியூரிலிருந்து கட்டிவந்த மருமகளாக இருந்தால் இன்னும் நல்லது.