இரண்டு வருடம் படகுக் கணக்கு பார்த்ததை ரெஸ்யூமில் எழுதலாமா?

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. பாம்பனில் அப்பாவின் விசைப்படகுக் கணக்கைப் பார்த்துக்கொண்டே காலம் போய்விட்டது. ரெஸ்யூமில் இந்த இடைவெளியை எப்படி மறைப்பது? வேலை தேடுவதை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மறைக்காதீர்கள் தம்பி. அந்த இரண்டு வருடத்தை எடுத்துவிட்டால் மார்க்கைத் தவிர உங்கள் ரெஸ்யூமில் என்ன மிஞ்சும்?

எனக்குத் தங்கச்சிமடம். இப்போது தூத்துக்குடியில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில், கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது வந்து குவிகிற ரெஸ்யூம்களை முதலில் சலிக்கிற வேலை என் தலையில்தான் விழும். பெரும்பாலானவை ஒரே அச்சு: கடின உழைப்பாளி, எல்லோரோடும் ஒத்துப்போவேன், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது.

என்னுடைய முதல் ரெஸ்யூமும் அப்படித்தான். ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அடித்து வாங்கினேன். கடைக்காரர் வேறு யாருடையதோ பழைய ஃபைலைத் திறந்து, பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டார். மதுரையில் இன்டர்வியூ. எதிரில் இருந்தவர் தாளைப் புரட்டிக்கொண்டே, "அப்பா டீச்சரா?" என்று கேட்டார். எங்கப்பா கரைவலை இழுத்தவர். நான் "ஆமாம் சார்" என்று சொல்லித் தொலைத்தேன். "எந்த ஸ்கூல்?" என்றார் அடுத்து. அதோடு சரி, பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். "தந்தையின் தொழிலுக்கு உதவியாக இருந்தேன்" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் விளங்காது. படகு ஒரு தடவை போய்த் திரும்புவதற்குள் நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடலுக்குப் போக மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்குகிறீர்கள். டீசல், ஐஸ் செலவை நோட்டில் ஏற்றுகிறீர்கள். கரை சேர்ந்ததும் இறால், நண்டு, கணவாயைத் தனித்தனியாகப் பிரித்து எடை போடுகிறீர்கள். வியாபாரியிடம் மல்லுக்கட்டி விலை வாங்குகிறீர்கள். செலவைக் கழித்துப் பங்கு பிரிக்கிறீர்கள். இதையே இப்படி எழுதலாம்: "விசைப்படகு ஒன்றின் எரிபொருள், ஐஸ், விற்பனைக் கணக்கை 2 ஆண்டுகள் பராமரித்தேன். இறாலைக் கவுண்ட் வாரியாகத் தரம் பிரித்து எடை பார்த்தேன். ஒவ்வொரு நடைக்கும் ஆட்களுக்குப் பங்கு கணக்கிட்டுக் கொடுத்தேன்."

கவுண்ட் என்றால் கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பது உங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. எங்களிடம் வருகிற புது ஆளுக்கு அதைக் கண்ணால் மதிப்பிடக் கற்றுக்கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்த வரிகள் உள்ள ரெஸ்யூம் வந்தால் நான் கீழே வைக்க மாட்டேன். எத்தனை ஆள், எத்தனை நடை, மாதம் எவ்வளவு ரூபாய்க்குக் கணக்கு எழுதினீர்கள் என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்குமே, அதைப் பார்த்துப் போடுங்கள். குத்துமதிப்பாக ஏற்றிச் சொன்னால் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள், என்னை மாதிரி. அனுப்புவது இங்கிலீஷில் என்றாலும் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். இங்கிலீஷில் தொடங்கினால் கை தானாக அந்தக் கடின உழைப்பாளிக்குப் போய்விடும்.

வடிவத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஒரு பக்கம் போதும். கட்டம், பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கிற டிசைன் எல்லாம் வேண்டாம், வேலைத் தளங்களின் மென்பொருள் சில நேரம் அதைக் கலைத்துப் படித்துவிடும். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். பெயர் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அதில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று நம் ஊர்ப் பிள்ளைகள் படுகிற பாடு கொஞ்சமில்லை, இப்போதே சரி பண்ணிவிடுங்கள். உப்புக் காற்றுக்குப் பயந்து அசல் சான்றிதழை லேமினேட் பண்ணாதீர்கள். நாளைக்கு வளைகுடாப் பக்கம் போவதென்றால் அதன் பின்பக்கம்தான் சான்றளிப்பு முத்திரை குத்துவார்கள்.

வளைகுடா என்றதும் ஒன்று. கீழக்கரையில் தெரிந்தவர், தொண்டியில் தெரிந்தவர் என்று யார் வந்தாலும், ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் ஈமைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பதிவு பெற்றவரும் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

பக்கத்திலும் வேலை இருக்கிறது. 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் மையம் இருக்கிறது. திட்டப் பணிகளுக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கும் அறிவிப்பு அவர்கள் தளத்தில் வரும். காரல் மீனையும் சூடை மீனையும் பார்த்ததும் பெயர் சொல்கிற விலங்கியல் பட்டதாரி எத்தனை பேர் இருப்பார்கள்? அறிவியல் பெயர்களை மட்டும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டு போங்கள். அப்புறம், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில்தான் நிற்கும். இந்த 61 நாளில் இதையெல்லாம் முடித்துவிடலாம்.

கடைசியாக, உங்களைப் பற்றி விசாரிக்க யாருடைய நம்பரைக் கொடுத்தாலும் முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். நான் எங்கள் ஊர் வியாபாரி அண்ணன் நம்பரைக் கொடுத்துவிட்டுச் சொல்ல மறந்துவிட்டேன். கம்பெனியிலிருந்து போன் போனதும் அவர், "இன்னைக்கு நண்டு வரத்து இல்லங்க, நாளைக்குக் கேளுங்க" என்று வைத்துவிட்டாராம்.