பழம் ஆறு, ஆனால் எந்தப் பழம்?

வணக்கம் ஐயா,

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்துவிட்டேன். தீபாவளி வந்தால் அம்மா வாழைப்பழ ரொட்டி சுடுவார். முறுக்கு, நெய் உருண்டை எல்லாம் இருந்தாலும் நாங்கள் அதற்குத்தான் அடித்துக்கொள்வோம். அம்மா தவறி நான்கு வருடமாகிறது. அவருடைய நோட்டுப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. "பழம் 6, மாவு 2 கப், சீனி முக்கால் கப், முட்டை 2, மார்ஜரின் அரைக் கட்டி, சோடா மாவு 1 டீஸ்பூன்" என்று எழுதியிருக்கிறார். அப்படியே மூன்று தடவை சுட்டேன். மேலே நன்றாகச் சிவக்கிறது, வெட்டினால் நடுவில் களி. ஆறியதும் குழிந்துவிடுகிறது. பெரியம்மா வேறு, "துரை வீட்டுப் பண்டத்தைத் தீபாவளி மேசையில் எதற்கு வைக்கிறாய்?" என்கிறார். இந்த வருடம் அண்ணன், தம்பி குடும்பமெல்லாம் என் வீட்டில்தான் கூடுகிறது. மறுபடி சுட்டுப் பார்க்கட்டுமா, கடையில் கேக் வாங்கிவிடட்டுமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, கிள்ளான்

அன்புள்ள சகோதரி,

கடையில் வாங்க வேண்டாம். உங்கள் கைப்பக்குவத்திலும் கோளாறு இல்லை. அம்மா "பழம் 6" என்று எழுதினாரே, எந்தப் பழம்?

அதை எழுத அவருக்கு அவசியம் இருந்திருக்காது. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் நின்ற வாழை பீசாங் மாஸ் என்றால், அது விரல் பருமன் பழம். தோலை உரித்தால் ஒன்று 40, 50 கிராம் நிற்கும். ஆறு போட்டாலும் 300 கிராமைத் தாண்டாது. நீங்கள் பேரங்காடியில் நீளமான கேவண்டிஷ் பழம் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது உரித்த பிறகே ஒன்று 115, 120 கிராம் வரும். ஆறு பழம் என்றால் 700 கிராம். பாவம், இரண்டு கப் மாவு எவ்வளவு ஈரத்தைத்தான் தாங்கும்? அதனால்தான் வெளியே சிவந்த பிறகும் உள்ளே களியாகக் கிடக்கிறது, ஆறும்போது கனம் தாங்காமல் உட்கார்ந்துவிடுகிறது.

இந்த முறை எண்ணாதீர்கள், நிறுங்கள். மசித்த பழம் 300 முதல் 350 கிராம், மாவு 250 கிராம். அம்மாவின் "கப்" எது என்பதும் யாருக்குத் தெரியும்? என் அம்மாவுக்குக் கப் என்றால் பிடி உடைந்த மங்குக் குவளை. வீட்டில் வேறு எதில் அளந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். இன்னொன்று, நோட்டில் "மாவு" என்று மட்டும் இருப்பதால் செல்ஃப் ரைசிங் மாவை எடுத்துவிடாதீர்கள். அதில் ஏற்கெனவே பேக்கிங் பவுடர் கலந்திருக்கும். அதன்மேல் சோடா மாவும் சேர்ந்தால் ரொட்டி விறுவிறுவென்று எழும்பி, பிறகு விழும்.

பழம் தோல் கறுத்து, கையில் எடுத்தால் குழைய வேண்டும். காயில் இருக்கும் மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாகிறது, வாசனையும் அப்போதுதான் ஏறுகிறது. குளிர்பெட்டியில் வைத்துக் கறுத்த பழம் ஏமாற்றிவிடும், தோல்தான் கறுக்கும், உள்ளே பழுக்காது. சோடா மாவு பழத்தின் புளிப்போடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஈரத்தில் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும் என்பதால், கலந்த கையோடு அடுப்பில் வைத்துவிட வேண்டும். மாவைக் கொட்டிய பிறகு கரண்டியால் நாலு சுற்று, வெள்ளை மறைந்தால் போதும். போட்டு அடித்தீர்களானால் கோதுமை இழுவை பிடித்து ரொட்டி ரப்பராகிவிடும் (ரப்பர் தோட்டத்துக்காரர்கள் நாம், இருந்தாலும் அது வேண்டாம்). 175 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம். முதல் முக்கால் மணி நேரம் அடுப்புக் கதவைத் திறக்காதீர்கள். பிறகு ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள், பிசுக்கில்லாமல் வந்தால் இறக்கிவிடலாம்.

எங்கள் வீட்டில் இந்த ரொட்டி தீபாவளிக்கு மறுநாள் பண்டம். வாசலில் கட்டவும் படைக்கவும் ஒரு முழுத் தாரை வெட்டுவார்கள். தார் என்றால் தெரியுமே, முந்தின நாள் வரை கல் மாதிரி இருக்கும், பழுக்க ஆரம்பித்தால் எல்லாச் சீப்பும் ஒன்றாகப் பழுக்கும். எத்தனை பேர் தின்றாலும் தீராது. மறுநாள் காலையில் ஈ மொய்க்க ஆரம்பித்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு மசிக்கச் சொல்வார். அடுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. பெரிய அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் ரொட்டி டின்னை வைத்து, மூடியின் மேல் பால்மரக் கட்டைத் தணலைக் கொட்டுவார். பக்கத்துக் கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா ஒருவர், பஹுலு என்ற சின்ன முட்டைக் கேக் சுடுவதும் இதே முறையில்தான், மேலும் கீழும் நெருப்பு. அவரிடமிருந்து அம்மா கற்றாரா, அம்மாவிடமிருந்து அவர் கற்றாரா என்று இரண்டு வீட்டிலும் இரண்டு கதை உண்டு.

அந்த ரொட்டி டின்தான் துரை வீட்டுச் சாமான். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பிய தோட்டத் துண்டாடல் காலத்தில் பங்களாவைக் காலி செய்தார்கள். அங்கே குசினியில் வேலை பார்த்த என் பாட்டிக்குச் சம்பள பாக்கியோடு ஒரு டின்னும் வந்தது. சம்பளத்தில் பாதிதான் வந்தது என்பார், டின் மட்டும் முழுதாக வந்தது. நம் சுங்கை சிப்புட்காரரான, அப்போதைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, அப்படித் தோட்டம் துண்டாடப்பட்டு வேலையும் கூரையும் இழந்து நின்றவர்களுக்காகத்தான். ஆகவே பெரியம்மா சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அவருக்கும் அப்படியொரு பங்களா வாசலில் நின்ற நினைவு இருக்கலாம். அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் டின் துரையுடையது, பழம் அவருடையதல்ல. வாழையின் மூதாதைகளில் ஒன்றான காட்டு வாழை இந்தத் தீபகற்பத்துக் காட்டில் தானாக முளைப்பது. வாழைப்பழ ரொட்டியும் ஒன்றும் பழங்காலத்து வெள்ளைக்காரப் பெருமை இல்லை. 1930களில் அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் பரவியது. அதற்குமுன் சோடா மாவும் பேக்கிங் பவுடரும் வீட்டுக்கு வீடு வந்து சேர வேண்டியிருந்தது. அங்கேயும் அழுகப் போகிற பழத்தை வீணாக்காமல் இருக்கத்தான் பல வீடுகளில் சுட்டார்கள். உங்கள் பெரியம்மா வீட்டுத் தீபாவளி மேசையில் அன்னாசிப்பழ டார்ட் இருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள். அன்னாசி தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பழம். அதற்கு யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

உறவினர் கூட்டத்துக்கு இந்த ரொட்டி வசதியும்கூட. முந்தின நாளே சுட்டு, முழுக்க ஆறியதும் மூடி வையுங்கள். மறுநாள் ஈரம் ஒரே சீராகப் பரவி இன்னும் மெத்தென்று இருக்கும். முறுக்கு நமுத்துப் போகிற இந்த மழைக்காலத்தில் அது பெரிய விஷயம். பழக் கேக்கில் ரம் ஊற்றுவார்களே, அந்தச் சங்கடமும் இதில் இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களுக்குத் தட்டில் வைத்து நிம்மதியாகக் கொடுத்தனுப்பலாம்.

ஒரே ஒரு இடத்தில் பெரியம்மாவிடம் மாட்டிக்கொள்வீர்கள். தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் வந்துவிடும், ரொட்டியிலோ முட்டை. அவருக்கென்று சின்ன டின்னில் ஒன்று தனியாகச் சுடுங்கள். இரண்டு முட்டைக்குப் பதில் அரை கப் கெட்டித் தயிர், பாதி அளவு ரொட்டி என்றால் கால் கப். அவ்வளவு எழும்பாது, ஆனால் தயிரின் புளிப்பு சோடாவுக்கு ஒத்துப்போகும், ருசி குறையாது.

இந்த வாரமே ஒரு தடவை 300 கிராம் பழத்தோடு சுட்டுப் பாருங்கள். அப்போதும் நடுவில் களியாக இருந்தால் எழுதுங்கள், அடுப்பைச் சந்தேகப்படலாம். நோட்டில் "பழம் 6" என்ற வரியைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் பென்சிலால் "மாஸ்" என்று மட்டும் எழுதி வையுங்கள்.