கிராண்ட் ஜூரி சம்மன் வந்திருக்கிறது, வாட்ஸ்அப்பை அழிக்கலாமா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். முன்பு ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனியில் வேலை பார்த்தேன். போன வாரம் எஃப்பிஐ ஆட்கள் வீட்டுக்கு வந்து, நியூவர்க் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்தில் கிராண்ட் ஜூரி முன்பு சாட்சி சொல்ல வரும்படி சம்மன் கொடுத்தார்கள். பழைய கம்பெனியின் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), கிளையன்ட் லெட்டர், மெசேஜ் எல்லாம் கொண்டுவர வேண்டுமாம். ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்த மாதங்களில் எனக்குச் சம்பளமே வரவில்லை. இல்லாத ப்ராஜெக்டை இருப்பதாகக் காட்டிய ஒரு கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பழைய மேனேஜர் போன் செய்து, "வாட்ஸ்அப்பை எல்லாம் அழிச்சிடுங்க, எங்க வக்கீலே உங்களையும் பாத்துக்குவார்" என்கிறார். என்மேல் கேஸா? போகாமல் இருக்கலாமா? அடுத்த மாதம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போகலாமா?

பதில்: முதலில் போன். அதில் எதையும் அழிக்காதீர்கள். மெசேஜ் தானாக மறைகிற மாதிரி வைத்திருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். புதுப் போன் மாற்றுவது, லேப்டாப்பை ஃபார்மட் செய்வது எதுவும் இப்போது வேண்டாம். ஃபெடரல் விசாரணையைக் கெடுக்கும் நோக்கத்தில் ஆவணத்தை அழித்தால் 20 வருடம் வரை சிறை. உங்கள் போனில் அழித்த மெசேஜ் மறுமுனையில் இருப்பவர் போனில் அப்படியே கிடக்கும் என்பதை மேனேஜர் யோசிக்கவில்லை போலிருக்கிறது. சாட்சியிடம் ஆதாரத்தை அழிக்கச் சொல்வதே தனிக் குற்றம். அவர் கூப்பிட்ட தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். மேனேஜருக்கு எந்தப் பதிலும் சொல்ல வேண்டாம்.

அடுத்து வக்கீல். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல். அவரிடம் நீங்கள் மனம்விட்டுச் சொல்வதை, கம்பெனி தனக்கு லாபம் என்று நினைத்தால் அரசிடமே கொடுக்கலாம். கையெழுத்துப் போட்டது நீங்கள், போடச் சொன்னது அவர்கள். உங்கள் இருவருக்கும் ஒரே வக்கீல் ஒத்துவராது. ஃபெடரல் குற்ற வழக்குகள் நடத்துகிற ஒருவரைத் தனியாகப் பிடியுங்கள். உங்கள் கிரீன் கார்டு பேப்பர் பார்க்கிற வக்கீல் இதற்குப் போதாது, ஆனால் அவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள்மேல் கேஸா என்றால், சம்மன் வந்ததாலேயே கேஸ் என்று ஆகிவிடாது. நம்மூரில் போலீஸ் விசாரித்துக் குற்றப்பத்திரிகை போடும். அமெரிக்காவில் ஃபெடரல் வழக்கு என்றால், பெரிய குற்றம் எதற்கும் கிராண்ட் ஜூரி என்ற பெயரில் பொதுமக்களில் 16 முதல் 23 பேர் உட்கார்ந்து ஆதாரத்தைப் பார்த்து, அவர்களில் குறைந்தது 12 பேர் சரி என்று ஓட்டுப் போட்ட பிறகுதான் ஒருவர்மேல் குற்றம் சாட்ட முடியும். கிராண்ட் ஜூரி வழியாகத்தான் போக வேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791-ல் வந்த ஐந்தாவது திருத்தம் போட்ட விதி. குற்றவாளியா இல்லையா என்று அவர்கள் தீர்மானிப்பதில்லை. வழக்குப் போட முகாந்திரம் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. மாநில நீதிமன்றங்களுக்கு இந்த விதி கட்டாயமில்லை என்று 1884-லேயே தீர்ப்பாகிவிட்டது. அதனால் வேறு மாநிலத்து நண்பர் சொல்கிற அனுபவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அரசுத் தரப்பில் ஆட்களை மூன்றாகப் பிரிப்பார்கள்: வெறும் சாட்சி, விசாரணை வளையத்துக்குள் வருபவர், குற்றம் சாட்டப்படப் போகிறவர். பின் இரண்டு வகைக்கும் சம்மனோடு உரிமைகளைச் சொல்லும் ஒரு தாளை இணைப்பது நீதித்துறையின் வழக்கம். உங்கள் சம்மனின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டாலும் நிம்மதியாக இருக்க வேண்டாம். கடிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, நீங்கள் நடு வகைக்கு நழுவ அதிக நேரம் ஆகாது. சம்மனில் பெயர் போட்டிருக்கும் அரசு வழக்கறிஞரிடம் உங்கள் வக்கீலே கேட்டுத் தெரிந்துகொள்வார். நீங்கள் அந்த எண்ணைக் கூப்பிடாதீர்கள். எஃப்பிஐ ஆட்கள் மறுபடி வந்தாலும் "என் வக்கீலிடம் பேசுங்கள்" என்றால் போதும். வீட்டு வாசலில் அவர்களிடம் சத்தியம் செய்யாமல் சொன்ன பொய்க்கும் 5 வருடம் வரை உண்டு.

போகாமல் இருக்க முடியாது. கேள்விகளுக்கு வாய் திறக்காமல் இருக்கலாம், அது வேறு. உண்மையான பதில் உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடும் என்றால் ஐந்தாவது திருத்தப்படி மறுக்கலாம். இதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஆனால் மொத்தமாக மறுக்க முடியாது, ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக மறுப்பைச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம் பற்றிக் கேட்டால் மறுக்கலாம், எந்த ஊர்க் கல்லூரி என்று கேட்டால் மறுக்க முடியாது. இதை உங்கள் வக்கீல் முன்கூட்டியே சொல்லிவிட்டால், சில சமயம் வர வேண்டாம் என்றே விட்டுவிடுவார்கள். இல்லையென்றால், நீங்கள் சொல்வதை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்று நீதிமன்ற உத்தரவு வாங்குவார்கள். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீதிமன்ற அவமதிப்பு. அந்த ஜூரியின் காலம் முடியும்வரை, அதிகபட்சம் 18 மாதம், உள்ளே வைக்கலாம்.

அந்த உத்தரவில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது குற்ற வழக்குக்கு மட்டும்தான் காவல். விசா ரத்து, நாடு கடத்தல் எல்லாம் சிவில் நடவடிக்கை. ஜூரி முன்பு சொன்னதே நாளை குடிவரவு நீதிமன்றத்தில் எதிரே வந்து நிற்கலாம். இரண்டு வக்கீலும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்றது இதற்காகத்தான்.

அறைக்குள் நீதிபதி இருக்க மாட்டார். உங்கள் வக்கீலும் வெளியே வராந்தாவில்தான். ஒரு கேள்வி இடித்தால், வெளியே போய் அவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகலாம். கூச்சப்படாதீர்கள், அவர்களுக்கு இது பழகிய விஷயம். உள்ளே ஒருவர் ஒவ்வொரு சொல்லையும் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். நமக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே "உம்", "யா யா" என்று போடுகிற பழக்கம் உண்டு. கேள்வி முடிவதற்குள் நீங்கள் போட்ட அந்த "யா", ஆமாம் என்ற சாட்சியமாகப் பதிவாகிவிடும். மொழிபெயர்ப்பாளருக்கு அனுமதி உண்டு. ஆபீஸில் ஆங்கிலம் சரளமாக ஓடினாலும் சத்தியப் பிரமாணத்துக்குப் பிறகு தடுமாறுவோம் என்று தோன்றினால் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்ற எண்ணம் வேண்டாம். உங்களுக்குச் சாதகமான ஆதாரத்தை ஜூரிக்குக் காட்ட வேண்டிய கடமை அரசு வழக்கறிஞருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1992-ல் சொல்லிவிட்டது. நேரில் பார்க்காமல், பிறர் சொல்லிக் காதில் விழுந்த சாட்சியமும் அங்கே செல்லும். பேஸ்பால் வீரர் பேரி பாண்ட்ஸ் 2003-ல் ஊக்கமருந்து விசாரணையில் மேலே சொன்ன மாதிரி பாதுகாப்பு உத்தரவோடுதான் கிராண்ட் ஜூரி முன்பு போனார். மருந்துக்காக அவர்மேல் வழக்கு வரவில்லை, அவர் சொன்ன பதில்களுக்காக வந்தது. ஊசி போட்டுக்கொள்ள ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டதற்கு, பிரபலத்தின் பிள்ளையாக வளர்ந்த கதையை அவர் சொல்லிக்கொண்டு போனார். அந்தச் சுற்றிவளைப்பு விசாரணைக்குத் தடை என்று 2011-ல் வழக்கை விசாரித்த ஜூரி (இது வேறு ஜூரி) தீர்ப்புச் சொன்னது. 2015-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது, ஆனால் நடுவில் போன வருடங்கள் போனவைதான். கேட்டதற்கு மட்டும், உண்மையாக, சுருக்கமாகச் சொல்லுங்கள். ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள்.

ரகசியம் காக்கும் கட்டுப்பாடு ஜூரிக்கும் அரசு வழக்கறிஞருக்கும்தான். ஃபெடரல் நடைமுறையில் சாட்சிக்கு அது பொதுவாகக் கிடையாது, மனைவியிடம் சொல்லலாம். பழைய சகாக்களிடம் மட்டும் "நீ என்ன சொல்லப் போறே" என்று கேட்காதீர்கள். பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கல்யாணத்துக்கு வருவோம். சொல்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஓடிவிடுவார் என்று தோன்றினால் சாட்சியையே கைது செய்ய அங்கே சட்டம் இருக்கிறது. தேதியைத் தள்ளிப்போட உங்கள் வக்கீல் கேட்பார். காரணம் நியாயமாக இருந்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முகூர்த்தத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்பது அவர்களுக்குப் புரியாது, பத்திரிகையில் ஒரு பிரதியையே அனுப்பச் சொல்லுங்கள். மாற்றிய தேதியை எழுத்தில் வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள். அதற்கும் முன்னால், திரும்பி வரச் சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டுவது) தேவைப்படுமா என்று குடிவரவு வக்கீலிடம் கேளுங்கள். தேவைப்பட்டால், பழைய கம்பெனி பற்றிய கேள்வி அந்த கவுண்டரிலேயே வரலாம். போவதா வேண்டாமா என்பதை அவர் சொல்வதை வைத்து முடிவு செய்யுங்கள்.