புவித்தட்டுப் பாடத்தை மரக்கட்டையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எட்டாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். தட்டு எல்லைகளின் பெயர்களை மாணவர்கள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் தட்டுகள் தீக்குழம்பில் மிதப்பதாகவே நினைக்கிறார்கள். பேரிடர்க் காணொளி காட்டினால் சிலர் பயந்துவிடுகிறார்கள். எப்படி நடத்துவது?

பதில்: பெயர்களைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். முதல் வகுப்புக்கு ஒரு மரக்கட்டை, உப்புத்தாள், ரப்பர் பேண்ட் போதும். மேசை மேலும் கட்டையின் அடியிலும் உப்புத்தாளை ஒட்டுங்கள். கட்டையில் மாட்டிய ரப்பர் பேண்டை ஒரு மாணவர் ஒரே சீராக, மெதுவாக இழுக்கட்டும். ரப்பர் நீளும், கட்டை அசையாது. திடீரென்று ஒரு தாவல்! நிலநடுக்கமும் இப்படித்தான். தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், கிட்டத்தட்ட விரல் நகம் வளரும் வேகத்தில் நகர்கின்றன. உரசும் இடத்தில் பாறைகள் பூட்டிக்கொள்வதால் இழுவிசை பல ஆண்டுகளாகச் சேர்ந்து, ஒரு நொடியில் விடுபடுகிறது. அடுத்த தாவல் எப்போது என்று வகுப்பை ஊகிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தவறும். நிலநடுக்கத்துக்கு விஞ்ஞானிகளால் நாள் குறிக்க முடியாதது ஏன் என்று அப்போது தனியாக விளக்க வேண்டியிருக்காது.

தீக்குழம்பு விஷயத்துக்கு வருவோம். மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் ஏறக்குறைய முழுவதும் திடப்பாறை. கடும் சூட்டில் மிக மிக மெதுவாக நெகிழ்ந்து நகர்கிறது, அவ்வளவுதான். பாடப்படங்களில் அதற்குச் சிவப்பு அடிப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். எரிமலைகள் மேலே கொண்டுவந்த கவசப் பாறைத் துண்டுகள் பச்சை நிறம். கரும்பலகையிலும் பச்சையிலேயே வரையுங்கள்.

இடிபாட்டுக் காணொளிகள் வேண்டவே வேண்டாம். பதிலாக 2010-இல் நடந்த இரண்டு நிலநடுக்கங்களை ஒப்பிடச் சொல்லுங்கள். ஹைட்டியில் அளவு 7.0, இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சிலியில் 8.8, வெளிப்பட்ட ஆற்றல் சுமார் 500 மடங்கு. இறந்தவர்கள் ஏறத்தாழ 500 பேர். ஏன் இந்த வித்தியாசம்? கட்டட விதிகள், நடுக்கத்தின் ஆழம், நகரத்திலிருந்து தூரம் என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். இதற்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள்.

பயந்த பிள்ளைகளுக்கு ஒரு சிறுமியின் கதை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் கடல் நுரைத்து வித்தியாசமாக நடந்துகொள்வதை 10 வயது பிரிட்டன் சிறுமி ஒருத்தி கவனித்தாள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்த சுனாமி அறிகுறிகள் அவை. அவள் விடாமல் எச்சரித்ததால் கரையிலிருந்தவர்கள் வெளியேறினார்கள். அந்தக் கடற்கரையில் யாரும் இறக்கவில்லை. இதைச் சொன்ன கையோடு, மேசைக்கடியில் குனிந்து, தலையை மறைத்து, மேசைக்காலைப் பிடித்துக்கொள்ளும் பயிற்சியை அங்கேயே செய்ய வையுங்கள்.